உள்பக்கமா அடைக்கணும்!

குடலிறக்கத்துக்கு நுண்துளை அறுவை சிகிச்சை: தழும்பு சிறியது என்பது மட்டும்தானா அதன் பெருமை?

பெரியப்பாவுக்கு இருமல் வந்தால் இடது கை தானாக வேட்டி மடிப்புக்குப் போகும். வலது கை மண்வெட்டியை விடாது. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு முப்பது வருடம் நீர்பாய்ச்சியாக இருந்தவர் அவர். எந்த மடையை எப்போது திறக்க வேண்டும், எத்தனை மழைக்குக் கலுங்கில் மறுகால் போகும் என்பதெல்லாம் விரல்நுனியில். ஊர்க்கரையில் ஈரம் கசிந்தால் முதலில் கண்டுபிடிக்கிற அவர், தன் தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்து, படுத்தால் மறைந்துபோன வீக்கத்தை ஏழு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. துண்டைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்து, அரைக்கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார். பெரியம்மாவுக்குக்கூட வாயுப்பிடிப்பு என்றுதான் சொல்லியிருந்தார்.

ஒரு மார்கழி இரவில் அந்த வீக்கம் உள்ளே போக மறுத்தது. வலி, குமட்டல். நள்ளிரவில் வாடகை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் அவரைத் தலை தாழப் படுக்கவைத்து, வலிக்கு ஊசி போட்டுவிட்டு, பொறுமையாகக் கையால் அழுத்தி உள்ளே அனுப்பினார். "இந்த முறை போயிருச்சுங்க ஐயா. அடுத்த முறை போகும்னு சொல்ல முடியாது" என்றார்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. அடுத்த மூன்றாவது வருடம், குளியலறையில் இருமியபோது என் வலது தொடையிடுக்கில் அதே புடைப்பு. பத்திரிகையில் மருத்துவக் கட்டுரைகள் எழுதுகிற நானும் எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

நால்வரில் ஒருவர்

ஊரில் இதற்குப் பெயர்கள் பல. குடலிறக்கம், ஹெர்னியா, 'கொடல் எறங்கிருச்சு', சில ஊர்களில் அண்டவாயு. ஓதம் என்று விரைவீக்கத்தோடு சேர்த்துக் குழப்புவதும் உண்டு. பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான். வயிற்றுச் சுவரில் ஒரு பலவீனமான இடம், அதன் வழியாகக் கொழுப்போ குடலோ வெளியே பிதுங்குகிறது.

உலகெங்கும் ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட தொடையிடுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. ஓர் ஆணுக்குத் தன் வாழ்நாளில் இது வருவதற்கான வாய்ப்பு குறைந்தது 27 சதவீதம், பெண்ணுக்கு 3 சதவீதம். நால்வரில் ஒருவருக்கு வரக்கூடிய ஒன்றை நால்வரும் ஒளித்துவைக்கிறோம்.

ஆணுக்கு ஏன் இவ்வளவு அதிகம்? கருவில் இருக்கும் ஆண் குழந்தையின் விரைகள் முதலில் வயிற்றுக்குள், சிறுநீரகத்தின் அருகே உருவாகின்றன. பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் அவை கீழே இறங்கி, வயிற்றுச் சுவரைத் தாண்டி விரைப்பைக்குள் வருகின்றன. இறங்கும்போது வயிற்றின் உள்ளுறையையும் ஒரு விரல்போல இழுத்துக்கொண்டு வருகின்றன. இந்தப் பாதையே தொடையிடுக்குக் கால்வாய். பெரியவர்களுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம். உள்ளுறையின் விரல் பின்னால் மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மூடுவதில்லை. வலது விரை சற்றுத் தாமதமாக இறங்குவதால் வலப்பக்கக் குடலிறக்கமே அதிகம்.

இன்னொரு வகையில் திறந்த பாதை எதுவும் இருக்காது. வயதாக ஆக, சுவரே நைந்து முன்னால் தள்ளும். மூட்டை தூக்கினால் வரும் என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் பாரம் மட்டுமே காரணம் என்பதற்கான சான்று அவ்வளவு வலுவாக இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பது, ஏற்கெனவே மறுபக்கம் வந்திருப்பது, தசைகளை இழுத்துப் பிடிக்கிற கொலாஜன் என்ற புரதத்தின் தரம், வயது ஆகியவையே கூடுதலாகப் பேசப்படுகின்றன. பெரியப்பா தூக்கியது மண்வெட்டி, நான் தூக்கியது பேனா. இருவருக்கும் ஒரே பக்கம் வந்தது.

ஒரு சிப்பாயின் காயம்

இந்த ஓட்டையை அடைப்பதில் மனிதர்கள் பட்ட பாடு பெரிய கதை. 1867ல் இத்தாலியில், ரோம் நகரைக் கைப்பற்றக் கிளம்பிய கரிபால்டியின் தொண்டர்களில் ஒருவர் எதோர்தோ பஸ்ஸீனி. அப்போதுதான் மருத்துவம் படித்து முடித்திருந்தவர். வில்லா குளோரி என்ற இடத்தில் நடந்த சண்டையில் துப்பாக்கிமுனைக் கத்தி அவருடைய வலது தொடையிடுக்கைக் குத்திக் கிழித்தது. காயம் வழியே மலம் கசிய, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து பிழைத்தார். அதே இடத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக உலகம் பின்னாளில் அவரை நினைவில் வைத்துக்கொண்டது. பதுவா நகரில் அறுவை மருத்துவரான அவர், கால்வாயின் பின்சுவரைத் தைத்து மீண்டும் கட்டும் முறையை 1880களில் வகுத்தார். அதுவரை ஓட்டையைச் சும்மா இறுக்கிக் கட்டிவிட்டு, திரும்ப வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது புதிய பாதை.

ஆனால் ஒரு குறை இருந்தது. விலகி நிற்கும் திசுக்களை இழுத்துப் பிடித்துத் தைத்தால், இருமும் ஒவ்வொரு முறையும் அந்தத் தையல் இழுபடும். சின்னதாகிப்போன சட்டைக்குப் பித்தான் போடுவது மாதிரி. சிலருக்கு நிற்கும், சிலருக்குத் தெறிக்கும்.

இழுக்காமல் அடைக்க வேண்டுமானால் ஒட்டுத்துணி வேண்டும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஃபிரான்சிஸ் அஷர் என்ற மருத்துவர் 1958ல் பிளாஸ்டிக் இழையால் நெய்த வலையைப் பயன்படுத்தியதை எழுதினார். முதலில் பாலிஎத்திலீன், பிறகு பாலிபுரோப்பிலீன். நம் வீட்டு வாளியும் நாற்காலியும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். உடம்பு இந்த வலையை வெளியே தள்ளுவதில்லை. அதன் கண்களுக்குள் புகுந்து திசு வளர்ந்து, சில வாரங்களில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கம்பி வைத்துக் கான்கிரீட் போடுவதுபோல.

லாஸ் ஏஞ்சலீஸில் இர்விங் லிக்டன்ஸ்டைன் 1984 முதல் எந்தத் தசையையும் இழுக்காமல், சுவரின் மேல் வலையை விரித்துத் தைத்தார். 1989ல் 1,000 நோயாளிகளின் கணக்கை அவரும் சகாக்களும் வெளியிட்டபோது உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. இன்றும் வெளியே கீறிச் செய்கிற முறைகளில் இதுதான் அளவுகோல். மரத்துப்போக வைக்கும் ஊசியை அந்த இடத்தில் மட்டும் போட்டே செய்துவிடலாம்.

கொசுவலைக்கும் இதில் பங்குண்டு. மகாராஷ்டிரத்தின் தோண்டாய்ச்சா என்ற சிற்றூரில் மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்ன்கர், கடையில் வாங்கும் கொசுவலைத் துணியைச் சுத்திகரித்து ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தினார். விலை கொடுத்து வாங்கும் வலைக்கு அது ஈடாகுமா என்று சுவீடன், உகாண்டா மருத்துவர்கள் சேர்ந்து உகாண்டாவில் 302 ஆண்களிடம் சோதித்தார்கள். 2016ல் முடிவு வந்தது. ஓராண்டில், கொசுவலைத் துணி வைத்தவர்களில் 0.7 சதவீதம் பேருக்கு மட்டும் திரும்ப வந்தது. கம்பெனி வலை வைத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. புள்ளியியல் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

கண்மாய்க்கு உள்ளே நின்று

இவ்வளவும் வெளியே நின்று அடைத்த கதை. உள்ளே நின்று அடைப்பதன் கணக்கே வேறு.

பெரியப்பாவுக்கு அறுவை சிகிச்சை செய்யவிருந்த மருத்துவர், சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு கிழித்து வயிற்றுச் சுவர் என்றார். ஓர் ஓட்டை போட்டார். "இந்தப் பக்கம் வயித்தோட அழுத்தம். வெளியே இருந்து வலை வச்சா அந்த அழுத்தம் வலையை வெளியே தள்ளப் பார்க்கும். உள்ளே வச்சா..." என்று தொடங்கியவரைப் பெரியப்பா முடிக்கவிடவில்லை.

"கண்மாய்க்கரை மாதிரிதானய்யா. கரையில ஓட்டை விழுந்தா வெளிப்பக்கம் எம்புட்டு மண்ணைக் கொட்டினாலும் தண்ணி தள்ளிரும். தண்ணிக்குள்ள இறங்கி உள்பக்கமா அடைக்கணும். அப்பத்தேன் தண்ணியே அமுக்கிப் பிடிச்சுக்கிரும்."

மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பாடப்புத்தகம் சொல்வதும் இதைத்தான். பிரெஞ்சு மருத்துவர் ஆன்ரி ஃபுருஷோ 1956ல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். வெளியே இருந்து பார்த்தால் தொடையிடுக்குக் குடலிறக்கம் மூன்று இடங்களில் வருவதாகத் தோன்றும், உள்ளிருந்து பார்த்தால் மூன்றுக்கும் ஒரே பெரிய வாசல். அவருடைய நாட்டவரான ரெனே ஸ்டோப்பா, தசைக்குப் பின்னால் பெரிய வலையை விரித்து அந்த வாசல் முழுவதையும் மூடினார். ஆனால் அதற்குப் பெரிய கீறல் தேவைப்பட்டது. சிறிய துளை வழியாக அங்கே போய்ச் சேரும் வழிதான் பாக்கி.

அந்த வழி நீண்டது. 1901ல் டிரெஸ்டன் நகரின் கியோர்க் கெல்லிங், நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி உள்ளே கருவியை விட்டுப் பார்த்தார். 1910ல் சுவீடனின் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயஸ் மனிதர்களிடம் செய்தார். வெளிச்சமும் தெளிவும் இல்லாததால் அது பல காலம் எட்டிப்பார்க்கும் வித்தையாகவே இருந்தது. 1954ல் லண்டனில் ஹெரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபிலிருந்து படிக்கப்போன நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டினார்கள். ஹாப்கின்ஸ் பிறகு உருவாக்கிய தண்டு வில்லைகள் படத்தைப் பளிச்சென்று ஆக்கின. ஜெர்மனியில் கூர்ட் செம் 1980ல் குடல்வாலையும், எரிக் மூஹே 1985ல் பித்தப்பையையும் துளை வழியே எடுத்தபோது சக மருத்துவர்கள் பாராட்டவில்லை, பழித்தார்கள். மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 1990ல் தெஹெம்தான் உத்வாடியா, லேப்ராஸ்கோப்பி எனப்படும் இந்த நுண்துளை முறையில் இந்தியாவின் முதல் பித்தப்பை சிகிச்சையைச் செய்தார். தமிழ்நாட்டில் இதைப் பரவலாக்கியதில் கோவையின் டாக்டர் சி. பழனிவேலுவுக்குப் பெரிய பங்குண்டு.

குடலிறக்கத்துக்கு 1990களின் தொடக்கத்தில் இரண்டு வழிகள் உருவாயின. ஒன்று, வயிற்றுக்குள்ளேயே நுழைந்து, உள்ளுறையைக் கீறி, அதன் பின்னே வலை வைத்து, உறையை மறுபடி தைத்து மூடுவது. இதை டேப் என்பார்கள். மற்றது, வயிற்றுக்குள் போகாமலே, தசைக்கும் உள்ளுறைக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியைக் காற்றால் விரித்து அங்கே வேலை பார்ப்பது. இது டெப். எது சிறந்தது என்று மருத்துவர்கள் மாநாடுகளில் வாதாடுவார்கள். பலன் ஏறக்குறைய ஒன்றுதான். தங்கள் கைக்குப் பழகியதை அவர்கள் செய்வதே நமக்கு நல்லது.

என் வயிற்றில் ஒரு சினிமா

எனக்கு நடந்தது டெப். சோதித்தபோது இடப்பக்கமும் லேசாகத் தொடங்கியிருந்ததால், அதே துளைகள் வழியாக இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்தார்கள். இரண்டு பக்கம் இருப்பவர்களுக்கும், முன்பு வெளியே கீறிச் செய்து திரும்ப வந்தவர்களுக்கும் இந்த முறை கூடுதல் வசதி. டிஸ்சார்ஜ் ஆகும்போது காணொளியை ஒரு பென் டிரைவில் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பார்த்தேன்.

தொப்புளுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் துளையில் கேமரா. அதற்குக் கீழே அரை சென்டிமீட்டரில் இரண்டு. கார்பன் டை ஆக்சைடு வாயு மெல்ல ஏற, பஞ்சு மிட்டாயைப் பிரிப்பதுபோல் வெள்ளை நூலாம்படைகள் விலகுகின்றன. ரத்தமே இல்லை. முதலில் தெரிவது இடுப்பெலும்பின் விளிம்பு, சுண்ணாம்பு அடித்த திண்ணைபோல. கேமராவைத் திருப்பினால் மேலே கூரையோடு ஒட்டி ஓடும் ரத்தக் குழாய்கள். கீழே, பெரிய சிரை ஒன்று நீலமாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்துக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'அழிவு முக்கோணம்'. ஒரு பக்கம் விந்துக்குழாய், மறுபக்கம் விரைக்குப் போகும் ரத்தக் குழாய்கள், நடுவே காலுக்குப் போகும் பெரிய நாளங்கள். அதற்கு வெளிப்பக்கம் நரம்புகள் ஓடும் 'வலி முக்கோணம்'. திண்ணையின் மேல் குறுக்கே ஓடக்கூடிய ஒரு சிறு நாளத்துக்கு 'மரண மகுடம்' என்று பெயர். அறுந்தால் ரத்தத்தை நிறுத்துவது கடினம். உள்ளங்கை அகலத்துக்குள் இத்தனை எச்சரிக்கைப் பலகைகள்.

குடலிறக்கப் பை வெளியே நீண்டிருந்தது. கொக்கி போன்ற விரல்கள் அதைப் பிடித்து, சட்டைக் கையை உள்பக்கமாக உருவுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தன. கயிறுபோல ஒட்டியிருந்த விந்துக்குழாயை அதிலிருந்து பிரிக்க மட்டும் பத்து நிமிடம். அவசரமே இல்லை.

பிறகு வலை. 15 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், தபால் அட்டையைவிடச் சற்றுப் பெரிது. பீடிபோலச் சுருட்டித் துளை வழியே உள்ளே போட்டு, அங்கே பாய் விரிப்பதுபோல் விரித்தார்கள். ஓட்டையை மட்டுமல்ல, ஃபுருஷோவின் வாசல் முழுவதையும் அது மூடியது. ஆணியோ தையலோ போடவில்லை. என்னுடையது போன்ற சிறிய ஓட்டைகளுக்கு டெப் முறையில் அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கடைசிக் காட்சிதான் எனக்குப் பிடித்தது. வாயுவை மெதுவாகத் திறந்துவிட்டதும், உள்ளுறை திரும்பி வந்து போர்வைபோல வலையின் மேல் படிந்து அமர்ந்தது. பெரியப்பாவின் தண்ணீர் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

கருவியா, கையா?

இப்படிப் படித்தால் எல்லோரும் லேப்ராஸ்கோப்பிக்கு ஓட வேண்டும் என்றுதானே தோன்றும்? இங்கேதான் நிதானம் வேண்டும்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான 14 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2004ல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் குடலிறக்கம் திரும்ப வந்தவர்கள், வெளியே கீறி வலை வைத்தவர்களில் 4.9 சதவீதம். துளை வழியே வைத்தவர்களில் 10.1 சதவீதம். இரு மடங்கு! நுண்துளை ஆதரவாளர்களுக்கு அதிர்ச்சி. ஆனால் அதே ஆய்வின் உள்ளே இன்னொரு செய்தி இருந்தது. 250க்கு மேல் லேப்ராஸ்கோப்பி செய்து பழகிய மருத்துவர்களிடம் திரும்ப வருவது பெரிதும் குறைந்து, வெளிமுறைக்கு அருகில் வந்துவிட்டது.

கத்திக்கும் கேமராவுக்கும் நடுவே நடந்த போட்டியாகப் பலர் இதைப் படித்தார்கள். என் கண்ணுக்குப் பட்டது வேறு. உள்பக்கமாக அடைப்பது நல்ல வழிதான். ஆனால் தண்ணீருக்குள் இறங்கி அடைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இதைக் கற்றுத் தேற மேற்பார்வையில் 50 முதல் 100 வரை செய்திருக்க வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டுதல்களே சொல்கின்றன. அனுபவமுள்ள மருத்துவரும் வசதியும் இருந்தால் லேப்ராஸ்கோப்பியைப் பரிந்துரைக்கும் அதே வழிகாட்டுதல்கள், லிக்டன்ஸ்டைன் முறையையும் சமமாக மதிக்கின்றன.

பழகிய கையில் நுண்துளை முறைக்கு உண்மையான லாபங்கள் உண்டு. வலி குறைவு, வேலைக்குத் திரும்புவது விரைவு. குடலிறக்க அறுவைக்குப் பிறகு, எல்லா முறைகளையும் சேர்த்துப் பார்த்தால், 10 முதல் 12 சதவீதம் பேருக்கு மாதக்கணக்கில் தொந்தரவு தரும் வலி நீடிக்கலாம். வெளிமுறையில் அங்கே ஓடும் மூன்று நரம்புகளை அடையாளம் கண்டு காப்பாற்ற வேண்டியிருக்கிறது. துளை முறையில் அந்த நீண்டநாள் வலியும் மரத்துப்போவதும் குறைவாகவே வருகின்றன.

நட்டங்களும் உண்டு. பெரும்பாலும் முழு மயக்கம் தேவை. செலவு கூடுதல். அரிதாக என்றாலும், பெரிய நாளத்துக்கோ சிறுநீர்ப்பைக்கோ காயம் பட்டால் அது சிறிய காயமாக இருக்காது. புராஸ்டேட் அறுவை செய்துகொண்டவர்களுக்கு அந்த இடைவெளி ஏற்கெனவே ஒட்டிப்போயிருக்கும், அவர்களுக்கு வெளிமுறையே பொருத்தம். இதயமும் நுரையீரலும் முழு மயக்கத்தைத் தாங்காதவர்களுக்கும் அப்படித்தான்.

ரோபோ? விளம்பரப் பலகைகளில் இப்போது அதுதான். 2020ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வு, 102 பேரிடம் ரோபோவையும் லேப்ராஸ்கோப்பியையும் வைத்துப் பார்த்தது. நோயாளிக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. நேரமும் செலவும்தான் கூடின.

காத்திருக்கலாமா?

குடலிறக்கம் மாத்திரையில் கரையாது. பெல்ட் போட்டால் வெளியே வராமல் பிடிக்குமே தவிர, ஓட்டை மூடாது. ஆனால் கண்டுபிடித்த மறுநாளே அறுக்க வேண்டிய கட்டாயமும் எல்லோருக்கும் இல்லை. வட அமெரிக்காவில் தொந்தரவு அதிகமில்லாத 720 ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், காத்திருந்தவர்களுக்குக் குடல் திடீரென்று சிக்கிக்கொண்டது ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவு. ஆகவே வயதான, தொல்லையற்ற ஆண்கள் மருத்துவர் கண்காணிப்பில் காத்திருப்பது பாதுகாப்பானதே. ஆனால் பத்து ஆண்டுகளில் அவர்களில் 68 சதவீதம் பேர், பெரும்பாலும் வலி தாங்காமல், அறுவை மேஜைக்கு வந்து சேர்ந்தார்கள்.

காத்திருப்பது வேறு, ஒளிந்திருப்பது வேறு. பெரியப்பா செய்தது இரண்டாவது.

உடனே ஓட வேண்டிய நேரம்

வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போக மறுத்தால், கல்போல் இறுகித் தொட்டால் வலித்தால், தோல் சிவந்தால், வாந்தி எடுத்தால், காற்றும் மலமும் பிரியாமல் வயிறு உப்பினால், அது குடல் நெரிபடுவதன் அறிகுறி. ரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். விளக்கெண்ணெய், ஒத்தடம், 'காலையில பார்க்கலாம்' எதுவும் வேண்டாம். நீங்களாகவே பலமாக அமுக்கவும் கூடாது. சோறு தண்ணீர் கொடுக்காமல், அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

பெண்கள், குழந்தைகள், விளையாட்டு வீரர்கள்

பெண்களுக்குக் குறைவாகத்தான் வருகிறது. வந்தால் ஆபத்து கூடுதல். தொடையின் மேல்பகுதியில், ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் உள்ள குறுகிய வளையம் வழியே வரும் தொடைக் குடலிறக்கம் அவர்களிடமே அதிகம். வாசல் குறுகியது, ஆகவே சீக்கிரம் நெரிபடும். வீக்கம் சிறிதாக இருப்பதால் நெறிகட்டியது என்று நினைத்துவிடுவதும் நடக்கிறது. உள்ளிருந்து பார்த்தால் இந்த வாசலும் சேர்ந்தே தெரியும், ஒரே வலை அதையும் மூடும். பெண்களுக்குக் காத்திருக்காமல் நுண்துளை முறையில் செய்யச் சொல்வது இதனால்தான்.

குழந்தைகளுக்கு, குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, மூடாத பாதையே பிரச்சினை. அதைக் கட்டிவிட்டாலே போதும், வலை வைப்பதில்லை. தொப்புள் புடைப்பு பல குழந்தைகளுக்கு வளர வளரத் தானாக மூடிவிடும். காசு வைத்துக் கட்ட வேண்டியதில்லை. தொடையிடுக்குப் புடைப்போ தானாக மூடாது, தள்ளிப்போடக் கூடாது.

ஓதம் எனப்படும் விரைவீக்கத்தில் இருப்பது நீர். படுத்தால் மறையாது. இருட்டில் டார்ச் ஒளி பட்டால் சிவந்து ஒளிரும். யானைக்கால் கிருமியும் அதற்கொரு காரணம். அதன் சிகிச்சை வேறு.

கால்பந்து, ஹாக்கி ஆடுபவர்களுக்குப் புடைப்பே இல்லாமல் தொடையிடுக்கில் தீராத வலி வருவதுண்டு. விளையாட்டு ஹெர்னியா என்று அழைத்தாலும் உண்மையில் இது குடலிறக்கமல்ல. தசைநாரும் பின்சுவரும் நைந்துபோன நிலை. முதலில் ஓய்வு, உடற்பயிற்சி சிகிச்சை. அதற்கும் அடங்காவிட்டால்தான் அறுவை.

வீட்டுக்கு வந்த பிறகு

நான் செய்துகொண்ட அன்று மாலையே நடந்தேன், மறுநாள் வீடு. வயிற்றைவிட வலித்தது தோள்பட்டைதான். வாயு உதரவிதானத்தைத் தொந்தரவு செய்வதால் சிலருக்கு இப்படி ஆகும், ஓரிரு நாளில் போய்விடும். பத்தாம் நாள் பழைய இடத்தில் மறுபடி ஒரு வீக்கம்! திரும்ப வந்துவிட்டது என்று பதறிப் போனேன். பை இருந்த வெற்றிடத்தில் நீர் கோத்திருக்கிறது, தானாக வற்றும் என்றார்கள். ஆறு வாரத்தில் வற்றியது. மூன்று மாதம் குனியாதே, ஆறு மாதம் குடம் தூக்காதே என்று உறவினர்கள் பட்டியல் போட்டார்கள். வலி அனுமதிக்கிற வேலையைச் சில நாட்களிலேயே தொடங்கலாம் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். மலச்சிக்கலும் புகையும் மட்டும் வேண்டாம்.

அரசு மருத்துவமனைகளில் குடலிறக்க அறுவை சிகிச்சை அன்றாட வேலை, கட்டணமும் இல்லை. தனியாரிடம் போகிறவர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ தங்கள் பாலிசியிலோ எந்த முறைக்கு எவ்வளவு என்று சேரும் முன்பே காப்பீட்டு மேஜையில் கேட்டுக்கொள்வது நல்லது.

பெரியப்பாவுக்கு என்ன ஆயிற்று? உள்பக்கமாக அடைக்கணும் என்று மருத்துவருக்கே பாடம் எடுத்தவருக்கு அது வாய்க்கவில்லை. இதயத்தில் ஸ்டென்ட், நுரையீரலில் நாற்பது வருடப் பீடி. முழு மயக்கம் வேண்டாம் என்று மயக்கவியல் நிபுணர் சொல்லிவிட்டார். இடத்தை மட்டும் மரக்க வைத்து, வெளியே கீறி, லிக்டன்ஸ்டைன் முறையில் வலை வைப்பது என்று முடிவானது. சம்மதக் கையெழுத்துப் போடும் முன் பெரியப்பா ஒன்று கேட்டார்.

"டாக்டரய்யா, கோவிச்சுக்கப்படாது. இது மாதிரி எத்தனை பேருக்கு அடைச்சிருக்கீக?"

மருத்துவர் கோபிக்கவில்லை. "ஆயிரத்தைத் தாண்டியிருக்கும் ஐயா" என்றார். பெரியப்பா கையெழுத்துப் போட்டார். மூன்று வருடம் கழித்து என் மருத்துவரிடம் அதே கேள்வியை நான் கேட்டபோது, அது என் கேள்வியல்ல என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது. கரையில் உட்கார்ந்து என் தழும்பைக் காட்டச் சொன்னார். மூன்று புள்ளிகள்.

"இம்புட்டூண்டுதானா அப்பு?"

"இம்புட்டூண்டுதான் பெரியப்பா."

"எனக்குப் பாரு, அரணாக்கயிறுக்குக் கீழ ஒரு வரப்பே போட்டு வச்சிருக்காக" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. நெடுநேரம் இருமினார். நான் அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மண்வெட்டிப் பிடியின் மேல், வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது.